வேம்புக்குப் பின்னால்

ஃபைபர் வயர் பெரிய றோட்டோடு நின்றுவிட்டது.
புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்ப
மூன்று வீட்டாராவது கேட்க வேண்டுமாம்.
மற்ற இரண்டு வீட்டிலும் கேட்பதற்குப்
பூட்டுகள்தான் இருக்கின்றன.

அதனால் மேலே கேட்டோம்.

டிலக்சன் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.
குழியில்லாத வெள்ளைப் பலகை.
"டிவி டிஷ் ஒரே இடத்தைப் பார்த்தபடி கிடக்கும் அக்கா.
இதுக்கு மேல நிக்கிற ஆளே இல்லை, எல்லாம் ஓடுறதுதான்.
ஒண்டு மறைய முன்னம் மற்றதைப் பிடிச்சிடும்."
எவ்வளவு உயரம்?
"ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர்."

மாத்தறைக்குப் போகிற தூரம்.
அந்த றோட்டை நிமிர்த்தி வைத்தால்
நுனியில் ஒரு பெட்டி,
நிற்க நேரமில்லாமல்.

விடிய மூன்றரைக்கு மெல்பேர்னில் ஒன்பது மணி.
ஒரு பேக்கரியின் கணக்கு என் கையில்.
நேற்று விற்ற பாண் எத்தனை என்று நான் தட்டினால்
கேள்வி மாத்தறை உயரம் ஏறி,
எங்கோ ஒரு நிலையத்தில் இறங்கி,
கடலடி வயரில் ஓடி,
பதிலைத் தூக்கிக்கொண்டு அதே வழியால் திரும்புகிறது.
நான் இன்னும் கொட்டாவியை மூடவில்லை.

செட்டிங்கில் 'பனி உருக்கு' என்று ஒரு பொத்தான்.
ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள்.
பங்குனி வெயிலில் அந்தப் பலகையில் தோசை சுடலாம்.

நான்காம் நாள்தான் பிழை தெரிந்தது.
ஆரணியின் பௌதிக வகுப்பில்
சேரின் கை பாதி வட்டத்தில் நின்றது.
யசோதரனுக்குப் பந்து வீசியாயிற்று,
விக்கெட் போனதா தெரியாது.
எனக்குப் பாண் எண்ணிக்கை நூற்றி... நூற்றி...
சில விநாடிதான். பிறகு எல்லாம் ஓடும்.
மறுபடி நிற்கும்.

போனை வானத்துக்குக் காட்டி ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னான் டிலக்சன்.
வானம் ஒரு கிண்ணமாகத் திரையில் வந்தது,
முழுக்க நீலம்.
வடக்கில் மட்டும் ஒரு சிவப்புக் கறை,
கிளை கிளையாக.
பக்கத்து வளவு வேம்பு.

வளவு குலவீரசிங்கத்தாருடையது.
ஆள் ஸ்காபரோவில்.
கேட்காமல் ஒரு கொப்பு வெட்டினாலும்
காணிப் பிரச்சினை என்று பெயராகிவிடும்.
வீடியோவில் எடுத்தேன். அங்கே பின்னேரம்,
சோபாவில் இருந்தார், காலில் தடித்த மேஸ்.
"அண்ணை, உங்கட வேம்பு எங்கட இன்டர்நெற்றை மறைக்குது."
"வேம்போ? இன்டர்நெற்றையோ?"
திறந்த வாய் திறந்தபடி உறைந்தது.
மறைத்தது அதே வேம்பு.

இரண்டாம் தரம் விளங்கப்படுத்தினேன்:
செய்மதி ஓடுது, மரம் நிக்குது,
அது மரத்துக்குப் பின்னால போகேக்க
நாங்கள் அறுந்து போறம்.
கொஞ்சம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"சரி பிள்ளை, அதை வெட்ட—"

வெட்ட.
வெட்டலாமா, வெட்டக்கூடாதா?
மீதி எழுத்துகள் மணிக்கு இருபத்தேழாயிரம் கிலோமீற்றரில்
இலைகளுக்குப் பின்னால் போய்விட்டன.

யசோதரன் அதற்குள் கைவாளை எடுத்துவிட்டான்.
"வெட்ட எண்டுதானே சொன்னவர்?"
"வெட்டப்படாது எண்டாலும் வெட்டதான் முதல் வரும்,"
என்றாள் ஆரணி, கொப்பியிலிருந்து தலை எடுக்காமல்.

வாள் மதிலில் சாய்ந்து நின்றது.
மத்தியானம் நான் உடுப்புத் தோய்க்கக் கிணற்றடிக்குப் போனேன்.
அந்த நேரத்தில் எங்கள் கிணற்றுக்கு நிழல் தருவது யார் என்று
இத்தனை வருடமும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் டிலக்சன் வந்து
பலகையைத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏற்றினான்,
இன்னும் ஆறடிக் குழாய், நாலு போல்ட்,
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
கறை ஒரு விரல்நுனி அளவுக்குச் சுருங்கிவிட்டது.
விக்கெட் போனால் போனது தெரிகிறது.

குலவீரசிங்கத்தாரிடமிருந்து அன்றிரவே வந்த குரல்செய்தி
பதினொரு விநாடி.
நான் இன்னும் கேட்கவில்லை.
யசோதரன் போனைத் தொட்டால்
"சார்ஜில் போட்டிருக்கிறன்" என்கிறேன்.